திரையில் தெரியும் பெயரை எழுதியவர் யார்?

அஸர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். என் தாத்தாவின் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவள். இரண்டு நாள் விடுமுறையில் வந்தவள், வேலையையும் பையில் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

"சாச்சி, ஒரு வேடிக்கை காட்டட்டுமா?"

அமெரிக்காவில் கதவு, ஜன்னல் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பனிக்காக அவர்கள் ஏதோ செய்கிறார்களாம். அங்கே வாடிக்கையாளர் அழைக்கும்போது, தொலைபேசியை எடுக்கும் பெண்ணுக்கு முன்கூட்டியே அழைப்பவரின் பெயர் திரையில் தெரிய வேண்டும். "வணக்கம், யார் பேசுகிறீர்கள்?" என்று கேட்பதற்குப் பதிலாகப் பெயரைச் சொல்லியே வரவேற்கலாம் அல்லவா? வியாபாரத்தில் அது ஒரு மரியாதை.

அந்தக் கம்பனியின் சொந்த இலக்கத்தையே தட்டினாள். கண் சிமிட்டும் நேரத்தில் கம்பனியின் பெயர் பெரிய ஆங்கில எழுத்துக்களில் வந்து நின்றது.

"இதற்கு எத்தனை நாள் பாடுபட்டாய்?" என்றேன்.

"ஆறே ஆறு வரிதான் சாச்சி. மற்றதெல்லாம் வேறு யாரோ எழுதி வைத்தது."

ஆசை யாரை விட்டது? "என் நம்பரைப் போட்டுப் பார்" என்றேன். போட்டாள். இலங்கை இலக்கம் என்று காட்டியது, கையடக்கத் தொலைபேசி என்று காட்டியது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

"நமது நாட்டு நம்பருக்கு இதில் பெயர் வராது" என்றாள். "வந்தால் என்ன செய்வீர்கள் சாச்சி? யாரென்று தெரியாத ஒருவன் உங்கள் நம்பரைத் தட்டி உங்கள் பெயரைத் தெரிந்துகொண்டால்?"

வேடிக்கை பார்க்க உட்கார்ந்த எனக்கு அந்தக் கேள்வி அன்றிரவு முழுக்க மண்டையைக் குடைந்தது. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் திரையில் தெரியும் பெயரைப் பார்த்துத்தான் இன்று நம்மில் பலர் எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறோம். அந்தப் பெயரை அங்கே எழுதியவர் யார்? மறுநாள் காலை இடியப்பம் அவிக்கும்போதே அவளைப் பிடித்து உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் சொன்னவற்றையும், பின்னர் நான் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

இடிக்காத மா

முதலில் அந்த ஆறு வரி விஷயம். கணினிக்காரர்கள் 'நிரல் நூலகம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு புத்தக அலுமாரியை நினைத்துவிட வேண்டாம். முன்பு நம் உம்மாமார் இடியப்பத்துக்கு அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்து எடுத்தார்கள். இன்று நாம் கடையில் மாப் பைக்கட்டு வாங்கி, சுடுநீர் ஊற்றிக் குழைத்துப் பிழிகிறோம். இடித்த கை வேறு, பிழிகிற கை வேறு. நிரல் நூலகமும் அதுபோலத்தான். யாரோ ஒருவர் கஷ்டப்பட்டு எழுதி வைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தம் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

தொலைபேசி இலக்கங்களுக்கென்றே கூகிள் நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலகம் உண்டு. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஓர் இலக்கத்தைக் கொடுத்தால் அது எந்த நாட்டுடையது, வீட்டுத் தொலைபேசியா, கையடக்கத் தொலைபேசியா, இலக்கங்களின் எண்ணிக்கை சரியா என்பதைச் சொல்லிவிடும். உலகம் முழுவதற்கும் பொதுவான முறையில் எழுதவும் உதவும். நாம் 077 என்று தொடங்கி எழுதுவதை, முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 77 என்று மாற்றிக் கொடுக்கும். வெளிநாட்டிலுள்ள மகனுக்கோ கணவருக்கோ நம் இலக்கத்தை அனுப்பும்போது அந்தப் பூச்சியத்தை விடாமல் எழுதி, "கோல் போகவில்லை" என்று அவதிப்படுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன.

ஆனால் அந்த நூலகத்துக்குப் பெயர் எதுவும் தெரியாது. இலக்கத்தின் உருவம் மட்டுமே அதற்குத் தெரியும். பெயர் வேண்டுமென்றால் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஓரிடத்தில் போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கித் தருகிற நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. அவற்றோடு பேசுவதற்கென்று வேறு சிறு நூலகங்கள் இருக்கின்றன. என் மகள் (தாத்தாவின் மகள் நமக்கும் மகள்தானே) பயன்படுத்தியது அப்படி ஒன்றைத்தான். ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு.

பதினைந்து எழுத்து

அமெரிக்காவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அழைப்புப் போகும்போது கம்பி வழியே போவது இலக்கம் மட்டும்தான். அழைப்பவரின் பெயர் கூடவே போவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. நம் கையிலுள்ள கடிதத்தில் அனுப்பியவர் பெயர் எழுதியிருப்பதுபோல் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நடப்பது இதுதான். அழைப்பைப் பெறுகிற பக்கத்துத் தொலைபேசிக் கம்பனி, வந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு தரவுத்தளத்தில் போய், "இது யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று விசாரிக்கிறது. அங்கே பதியப்பட்டுள்ள பெயரை வாங்கி வந்து திரையில் காட்டுகிறது. பழைய வீட்டுத் தொலைபேசிகளில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு அமைதியில்தான் இந்தத் தகவல் மெல்லிய ஒலிக்குறிகளாகக் கம்பியில் ஓடி வரும். அதனால்தான் அங்கே அனுபவப்பட்டவர்கள் முதல் மணியிலேயே எடுக்கமாட்டார்கள்.

இந்த முறையில் பெயருக்கு ஒதுக்கிய இடம் பதினைந்து எழுத்து. இடைவெளியும் அதற்குள் அடக்கம். நம் பெயர்களை வைத்து எண்ணிப் பார்த்தேன். முஹம்மது அப்துல் ரஹ்மான் என்ற பெயரை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுகிறபடி எழுதினால், முஹம்மதுக்கு ஏழு எழுத்து, ஓர் இடைவெளி, அப்துலுக்கு ஐந்து, இன்னோர் இடைவெளி, அதோடு பதினான்கு முடிந்துவிடுகிறது. மிச்சம் ஓர் எழுத்துக்குத்தான் இடம். ரஹ்மானா, ரஹீமா, ரஸ்ஸாக்கா, ரஊபா என்பது போய்விடும். 'அப்துல்' என்றால் அடிமை. யாருடைய அடிமை என்பதை மட்டும் கம்பி வெட்டிவிடுகிறது!

எழுத்து வெட்டுப்படுவது சிறிய குறை. பெரிய குறை வேறு. பதிந்திருப்பது யாருடைய பெயர்? பேசுகிறவருடையதல்ல. கட்டணப் பட்டியல் யாருடைய பெயரில் போகிறதோ அவருடையது. மனைவி பேசினாலும் கணவர் பெயர்தான் வரும். மகள் பேசினாலும் வாப்பாவின் பெயர்தான். வாப்பா மௌத்தாகிப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், அவர் போன பிறகும் அவர் பெயரிலேயே மணி அடித்துக்கொண்டிருக்கும். நம் நாட்டில் சிம் அட்டைகளும் இப்படித்தான் வீட்டு ஆண்கள் பெயரில் கிடக்கின்றன. இத்தாவில் இருக்கும்போதே இதற்காக அலைய நேர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, தரவுத்தளத்தில் கேட்பதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? பணத்தை மிச்சம் பிடிக்க, ஒரு தடவை வாங்கிய பெயரைத் தம்மிடமே சேமித்து வைத்து, அடுத்த தடவை கேட்காமலே காட்டுகிறவர்கள் உண்டு. அதற்கிடையில் இலக்கம் கைமாறிவிட்டால்? பழைய ஆளின் பெயரில் புதிய ஆள் பேசுவார். என் மகளும் தன் நிரலில் அப்படிச் சேமித்து வைக்கிற ஏற்பாடு செய்திருந்தாள். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில்தான் அவளுக்கும் மேலதிகாரிக்கும் இழுபறி. அவர் ஒரு வருடம் என்கிறார். இவள் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறாள். நான் இவள் பக்கம்.

பெயரே கிடைக்காத இலக்கங்களும் ஏராளம். கையடக்கத் தொலைபேசிகள் பலவற்றுக்கு 'கம்பியில்லா அழைப்பாளர்' என்ற பொருள்பட இரண்டு ஆங்கிலச் சொற்கள் வரும். அல்லது ஊர்ப் பெயரும் மாநிலப் பெயரும் மட்டும் வரும். "நியூயோர்க் அழைக்கிறது" என்றால் எந்த நியூயோர்க்காரர் என்று கண்டுபிடிப்பது?

இரண்டு பக்கமும் பெண்களே

அழைப்பவரின் இலக்கத்தைக் காட்டும் வசதி அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநிலத்தில் 1987இல் விற்பனைக்கு வந்தது. அப்போது பெயரெல்லாம் இல்லை, இலக்கம் மட்டும்தான். அதற்கே பெரிய சண்டை மூண்டது. அந்தச் சண்டையைப் பற்றி வாசித்தபோதுதான் இது வெறும் கணினி விஷயமல்ல என்று எனக்குப் பட்டது.

வசதி வேண்டும் என்றவர்களில் பெண்கள் இருந்தார்கள். இரவில் அழைத்து ஆபாசமாகப் பேசுகிறவன், ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறவன் — இவர்களால் நிம்மதி இழந்தவர்கள். இலக்கம் தெரிந்தால் அவன் அடங்குவான் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது.

வேண்டாம் என்றவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து தப்பிப் பிள்ளைகளோடு புகலிடங்களில் ஒளிந்திருந்த பெண்களுக்காக அவர்கள் பேசினார்கள். அப்படி ஒருத்தி தன் வயதான உம்மாவுக்கோ, விட்டு வந்த பிள்ளைக்கோ ஒரு தடவை அழைத்தால் போதும். அந்த வீட்டுத் திரையில் புகலிடத்தின் இலக்கம் தெரிந்துவிடும். இலக்கம் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இதிலும் நியாயம் இருந்தது.

பென்சில்வேனியாவில் விவகாரம் நீதிமன்றம் போனது. இந்த வசதி மாநிலத்தின் ஒட்டுக்கேட்டல் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1990இல் தீர்ப்பானது. 1992இல் மாநில உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. கலிபோர்னியாவில், தம் இலக்கத்தை மறைக்க விரும்புவோருக்கு வசதி செய்து கொடுத்தே ஆகவேண்டும் என்று கடும் நிபந்தனை விதிக்கப்பட்டதால், 1996 வரை அங்கே இது வரவே இல்லை. கடைசியில் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு சமரசம் ஏற்பட்டது. அழைக்கும் முன் நட்சத்திரக் குறியையும் 67ஐயும் அழுத்தினால் அந்த அழைப்பில் இலக்கம் மறைந்துவிடும். இன்றும் அங்கே அந்த வழி இருக்கிறது.

கதவைத் தட்டுகிறவர் யார் என்று கேட்க வீட்டுக்காரிக்கு உரிமை உண்டு. ஒளிந்திருக்கிற பெண்ணுக்குத் தன் இடத்தைச் சொல்லாமலிருக்கவும் உரிமை உண்டு. அந்த நாட்டவர்கள் பத்து வருடம் இதைச் சபையில் வைத்து வாதாடினார்கள். நாமோ ஒரு வார்த்தை பேசாமலே அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

நம் வீட்டு வெற்றிடம்

என் இலக்கத்துக்கு அன்று அந்த நிரல் பெயர் காட்டவில்லை. ஆனால் வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை. கம்பனிகள் தராத பெயரை, கையடக்கத் தொலைபேசியில் நாம் இறக்கிக்கொள்கிற செயலிகள் தருகின்றன. சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் 2009இல் தொடங்கப்பட்ட ட்ரூகோலர் இவற்றுள் பெயர்பெற்றது. நம் நாட்டிலும் பலருடைய கையில் இருக்கிறது. இன்னும் பல செயலிகள் உள்ளன.

இவற்றுக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது? பயன்படுத்துகிறவர்கள் தாமே கொடுக்கும் பெயர்கள், "இது தொல்லை அழைப்பு" என்று மற்றவர்கள் இடும் அடையாளங்கள், வியாபார நிலையங்களின் பட்டியல்கள் ஆகியவை ஒரு பக்கம். இத்தகைய செயலிகள் சிலவற்றில், இறக்கிக்கொள்கிறவரின் தொலைபேசிப் புத்தகம் முழுவதுமே போய்ச் சேர்ந்துவிடுகிறது. செயலியைத் திறக்கும்போது 'உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வரும். நாம் வாசிக்காமலே 'ஆம்' என்கிறோம். அந்த ஒரு 'ஆம்'இல் நம் மாமி, மச்சி, பிள்ளையின் மத்ரஸா உஸ்தாதா, பக்கத்து வீட்டு விதவைத் தாத்தா எல்லோருடைய பெயரும் இலக்கமும் அடங்கும். அவர்களிடம் யார் கேட்டார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி வீட்டில் தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறாள். கணவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு கடையில் கடன் பட்டிருந்தார். மனைவியின் இலக்கத்தைத்தான் கடையில் கொடுத்திருந்தார். அவர் மௌத்தான பின் இவள் ஊசியும் நூலுமாகவே அந்தக் கடனை அடைத்து முடித்தாள். கடைசித் தவணை கட்டி இரண்டு வருடம் இருக்கும். பெருநாளைக்கு அபாயா தைக்கக் கொடுக்க வந்த புதிய ஒரு பெண், சங்கடத்தோடு கேட்டாளாம்: "தாத்தா, உங்கள் நம்பரில் ஏன் 'கடன்காரி' என்று பெயர் வருகிறது?"

கடையிலிருந்த யாரோ தன் தொலைபேசியில் அப்படிப் பதிந்து வைத்திருந்திருக்க வேண்டும். அவரும் ஏதோவொரு செயலிக்கு 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு முன் அழைப்பை எடுக்காமலே விட்டவர்கள் எத்தனை பேர், துணி கொடுக்க நினைத்துப் பேசாமலிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அவள் அழுதுகொண்டு சொன்னது, "கடன் தீர்ந்ததை அந்தத் திரைக்கு யார் சொல்வது?" என்பதைத்தான்.

ஒருவரையொருவர் இழிவான பட்டப் பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கிற கட்டளை சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனத்தில் இருக்கிறது. நாம் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கும் பெயர்களை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தால் என்ன? 'கத்திரிக்காய்க்காரன்', 'நொண்டி மாமா', 'அலட்டல் மச்சி'... என்னுடையதில் இரண்டு இருந்தன. சொல்ல வெட்கம், அதில் ஒன்று மிக நெருங்கிய உறவு. நம் கைக்குள் இருந்த வரையில் அது வீட்டுக்குள் சொல்லும் கேலி. ஒரு செயலிக்குப் போய்விட்டால் பலர் திரையில் அச்சாகும் பெயர்.

அந்தத் தையல்காரச் சகோதரிக்காக என் மகள் உட்கார்ந்து அந்தச் செயலியின் இணையதளத்தில் பெயரை மாற்றக் கோரினாள். மாறியது. ஆனால் ஏற்கனவே பழைய பெயரைச் சேமித்து வைத்திருந்த தொலைபேசிகளில் சில நாட்கள் வரை அதுவே வந்துகொண்டிருந்தது. ட்ரூகோலர் நிறுவனத்தின் இணையதளத்திலும், ஒருவர் தன் இலக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்க இடமிருக்கிறது. செயலியில் கணக்கு வைத்திருந்தால் அதை முதலில் மூட வேண்டும். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. தன்னைப் பற்றிப் பிறர் சேகரித்து வைத்துள்ள தகவல் பிழையென்றால் திருத்தும்படி கேட்கும் உரிமையை அது எழுத்தில் தருகிறது. படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர வைத்த சட்டம் அது. நம் பெண்களில் எத்தனை பேர் அதன் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறோம்?

வங்கி பேசுகிறதாம்

இவ்வளவும் நல்லெண்ணத்தோடு நடக்கும் பிழைகள். வேண்டுமென்றே செய்யும் பொய் தனி.

இணையத்தின் வழியே அழைக்கும் முறை வந்த பிறகு, அழைக்கிறவர் தனக்கு விருப்பமான இலக்கத்தையே தன் இலக்கம் என்று காட்டிவிட முடிகிறது. திரையில் வங்கியின் இலக்கம் தெரியும். பேசுகிறவன் எங்கேயோ இருப்பான். இலக்கமே பொய்யென்றால், அந்த இலக்கத்தைக் கொண்டு தேடியெடுக்கும் பெயர் எப்படி உண்மையாகும்? என் மகளின் ஆறு வரி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும், பொய்யான இலக்கத்துக்கு மெய்யான பெயரைக் கொண்டுவந்து காட்டும். பொய்யைக் காட்டிலும் அது ஆபத்து.

ஏமாற்றும் நோக்கத்தோடு இலக்கத்தை மாற்றிக் காட்டுவதை அமெரிக்கா 2010 டிசம்பரில் சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டத்துக்கு மோசடிக்காரன் பயப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு அழைப்பிலும் கம்பனிகள் ஒரு கணினி முத்திரை குத்தி, "இந்த இலக்கத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பனிகள் 2021 ஜூன் 30ஆம் திகதிக்குள் அதைச் செய்ய வேண்டும் என்று கட்டளை. (அந்த முறைக்கு வைத்த பெயர், ஓர் ஆங்கிலத் திரைப்பட உளவாளி மதுக்கடையில் சொல்லும் வசனத்திலிருந்து எடுத்ததாம். உலகத்தில் வேறு பெயரா இல்லை!) அந்த முத்திரையும் இலக்கம் மெய்யா என்பதைத்தான் சொல்கிறது. பேசுகிறவர் யார் என்பதையோ, நல்லவர் என்பதையோ சொல்வதில்லை.

வட்ஸ்அப்பில் நமக்குத் தெரியாதவர் அழைத்தால், அல்லது குழுவில் எழுதினால், அவர் பெயருக்கு முன்னால் நெளிந்த ஒரு சிறு கோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரை எழுதியவர் அவரேதான். வங்கியின் பெயரைப் போட்டு, வங்கியின் சின்னத்தைப் படமாக வைக்க எவனுக்கும் அரை நிமிடம் போதும். ஆகவே 'கார்ட் காலாவதியாகப் போகிறது, வந்திருக்கும் ஓ.டி.பி. இலக்கத்தைச் சொல்லுங்கள்' என்று யார் கேட்டாலும், திரையில் என்ன பெயர் தெரிந்தாலும், தொலைபேசியை வைத்துவிட வேண்டும். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்கலாம். அந்த இலக்கத்தை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் 2023 முதல், தெரியாதவர்களின் அழைப்பு மணி அடிக்காமலே போகச் செய்யும் வசதியும் இருக்கிறது. வயசுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதை இட்டு வைப்பது நல்லது. தொடர்ந்து தொல்லை தருகிறவன் என்றால் இலக்கம், திகதி, நேரம் மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வெட்கப்பட்டு மறைப்பதால் அவனுக்குத்தான் இலாபம்.

நான்தான்

ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தையின் கடன் சம்பந்தமாக நபி (ஸல்) அவர்களிடம் போய்க் கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்கப்பட்டது. "நான்" என்றார்கள். நபியவர்கள் அதை விரும்பாதவர்கள்போல அந்தச் சொல்லையே இரு தடவை திருப்பிச் சொன்னார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தட்டுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று உலமாக்கள் இதிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். மூன்று தடவை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அறிவிப்புகளில் உள்ளதுதான். மணி அடித்து எடுக்காவிட்டால் இருபது தடவை விடாமல் அடிக்கிற நம் பழக்கத்துக்கு இதில் பாடம் இருக்கிறது.

சிறு வயதில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் எவர் பெயரும் தெரியாது. எடுத்தவுடன் ஸலாம், அடுத்து "இன்னாரின் மகள் இன்னார் பேசுகிறேன்" என்று சொல்ல வாப்பா பழக்கியிருந்தார். திரையில் பெயர் தெரியத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. "நான்தான், தெரியவில்லையா?" என்று ஆரம்பிக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் நம் பெயர் என்னவென்று தெரிகிறதோ, நமக்கே தெரியாது.

விடுமுறை முடிந்து புறப்படும் அன்று மகள் அந்த நிரலை மறுபடியும் திறந்து காட்டினாள். தேடிப் பெயர் கிடைக்கும் இடத்தில் முன்பு 'அழைப்பவர்' என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டிருந்தாள். அதை அழித்துவிட்டு, 'இந்த இலக்கம் பதியப்பட்டுள்ள பெயர்' என்று மாற்றியிருந்தாள். பெயர் கிடைக்காவிட்டால் ஊகித்து எதுவும் போடாமல் இலக்கத்தை மட்டும் காட்டும்படியும் செய்திருந்தாள். தொலைபேசியை எடுக்கும் பெண்ணுக்காகக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "தயவுசெய்து பெயரைக் கேட்டு உறுதிப்படுத்தவும்."

"மேலதிகாரி ஒத்துக்கொண்டாரா?" என்று கேட்டேன்.

"தலைப்பு நீளமாக இருக்கிறதாம், பெட்டிக்குள் அடங்கவில்லையாம்" என்றாள். "பெட்டியைப் பெரிதாக்கிவிட்டேன் சாச்சி."